தைராய்டு ஆபரேஷனும் குரல் நரம்பும்: வில்லுப்பாட்டுக்காரர் மகனுக்கு ஒரு பதில்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய அம்மாவுக்கு 48 வயது, கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு பாடுகிறவர். கழுத்தின் வலப்பக்கம் மூன்றரை சென்டிமீட்டரில் தைராய்டு கட்டி, இடப்பக்கம் பொடியாக இரண்டு. ஊசி குத்திப் பார்த்ததில் ‘பெதஸ்டா நான்காம் வகை’, அதாவது புற்றா இல்லையா என்று முடிவாகாத வகை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. சர்ஜன், தைராய்டை முழுவதுமாக எடுத்துவிடலாம் என்கிறார். ஊரிலோ, “கழுத்துல கத்தி பட்டா குரல் போயிரும்லா” என்று ஆளாளுக்குப் பயம் காட்டுகிறார்கள். நரம்பைக் காப்பாற்ற ஒரு மெஷின் இருக்கிறதாமே, அது உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டுமா, அதற்காகச் சென்னைக்கோ வேலூருக்கோ கூட்டிப்போகட்டுமா என்பது தம்பியின் கேள்வி.

நான் பாளையங்கோட்டையில் காது மூக்கு தொண்டை பார்க்கிறவன். தைராய்டை நான் எடுப்பதில்லை. எடுப்பதற்கு முன்னும் பின்னும், தொண்டைக்குள் அதிர்ந்து குரலை எழுப்பும் குரல்நாணை ஸ்கோப் (கேமரா உள்ள குழாய்) வைத்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. அந்த இடத்திலிருந்து பேசுகிறேன்.

தம்பி, அனுபவமுள்ள சர்ஜன் கையில் குரல்நாண் நிரந்தரமாக அசையாமல் போவது நூற்றில் ஒருவர் இருவருக்கு, பல இடங்களில் அதற்கும் கீழே. தற்காலிகமாகச் சோர்ந்துபோய்ப் பிறகு திரும்புவது நூற்றில் ஐந்தாறு பேருக்கு, சில கணக்குகளில் பத்துப் பேர் வரைக்கும். ஊரில் சொல்கிற அளவுக்குப் பயம் வேண்டாம். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் குரல்நாண் அசைகிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்து எடுத்தது. உங்கள் அம்மாவுக்கு அது போதாது. பேசுவதற்குத் தேவையான நரம்பு ஒன்று, உச்சத்தில் பாடுவதற்குத் தேவையான நரம்பு இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் நரம்பு, ‘ரெக்கரண்ட்’ நரம்பு. திரும்பி வருகிற நரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையிலிருந்து இறங்கும் பத்தாவது நரம்பான வேகஸின் கிளை இது. போக வேண்டிய இடம் குரல்வளை. ஆனால் கழுத்திலேயே பிரிந்து நேராகப் போகாமல் கீழே இறங்கிவிட்டு மேலே ஏறுகிறது. வலப்பக்கத்தில் காறை எலும்புக்குக் கீழே கைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாயைச் சுற்றித் திரும்புகிறது. இடப்பக்கத்தில் இன்னும் கீழே போய், நெஞ்சுக்குள் இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியின் வளைவையே சுற்றிவிட்டு வருகிறது. நெஞ்சில் கட்டி வந்தவருக்கு முதல் அறிகுறியாகக் குரல் கம்முவது இதனால்தான். திரும்பிய நரம்பு மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தில் ஏறி, தைராய்டின் முதுகுப்புறமாக உரசிக்கொண்டு குரல்வளைக்குள் நுழைகிறது. சராசரி தடிமன் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான்.

இந்த நரம்புக்கும் குரலுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்றுக் கண்டுபிடித்தது இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் கேலன் என்ற மருத்துவர், கத்திக்கொண்டிருந்த பன்றியின் கழுத்தில் இந்த நரம்பை அறுத்து, சத்தம் சட்டென்று நின்றுபோவதை ஊரார் முன்னிலையில் காட்டியிருக்கிறார். ஆனாலும் தைராய்டு ஆபரேஷனில் இந்த நரம்பைத் தேடிப் பார்க்கலாமா கூடாதா என்ற சண்டை இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் ஓடியது. பார்க்கப் போனால்தான் அடிபடும், அந்தப் பக்கமே போகாதே என்பது ஒரு கட்சி. தேடிக் கண்ணால் பார், பிறகு வெட்டு என்பது இன்னொரு கட்சி. அமெரிக்காவில் ஃபிராங்க் லேஹி 1938-இல் ஆயிரக்கணக்கான ஆபரேஷன்களின் அனுபவத்தோடு இரண்டாவது கட்சிக்காக எழுதினார். கடைசியில் அதுதான் வென்றது. இன்றைக்கு உலகம் முழுக்க அடிப்படை விதி இதுதான்: நரம்பைக் கண்ணால் பார்க்காமல் அதன் பக்கத்தில் எதையும் வெட்டக் கூடாது, கட்டக் கூடாது, சுடக் கூடாது.

கண்ணால் பார்த்தால் போதுமா என்றால், போதாது. நரம்பு அறுபட்டுப் போவது இப்போது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது இழுபடுவதுதான். தைராய்டு மூச்சுக்குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் ‘பெரி தசைநார்’ என்று ஒரு கெட்டியான பிணைப்பு உண்டு. நரம்பு குரல்வளைக்குள் நுழையுமுன் கடைசி இரண்டு சென்டிமீட்டர் இதை ஒட்டியே போகிறது, சிலருக்கு இதற்குள்ளேயே புகுந்து போகிறது. கட்டியை வெளியே எடுக்க சர்ஜன் நடுப்பக்கமாகத் தூக்கி இழுக்கும்போது நரம்பும் சேர்ந்து விறைத்துக்கொள்ளும். முழுசாக, வெள்ளையாக, ஒரு கீறல் இல்லாமல் கண்ணுக்குத் தெரியும். ஆனால் செய்தியைக் கடத்தாது. அதே இடத்தில் சின்னச் சின்ன இரத்தக்குழாய்களும் உண்டு. அதில் ஒன்று கசிந்து, குளம் கட்டிய இரத்தத்துக்குள் அவசரப்பட்டு இடுக்கியைப் போட்டாலோ, கரண்டில் சுட்டாலோ நரம்புக்கு ஆபத்து. இரத்தத்தை உறைய வைத்து வெட்டும் நவீனக் கருவிகள் வேலையைச் சுருக்கிவிட்டன, உண்மைதான். ஆனால் அவற்றின் முனைச் சூடு உடனே ஆறாது. நரம்புக்குச் சில மில்லிமீட்டர் தள்ளியே அவற்றை நிறுத்திவிட்டு, பழையபடி நூலால் கட்டுகிற சர்ஜன்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

உடலமைப்பில் ஒரு சூழ்ச்சியும் இருக்கிறது. நூற்றில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கு, வலப்பக்க நரம்பு கீழே போய்த் திரும்பாமல் வேகஸிலிருந்து நேராகக் குறுக்கே வரும். வழக்கமான இடத்தில் தேடிக்கொண்டிருக்கும்போது, வேறேதோ குழாய் என்று நினைத்து அதையே வெட்டிவிட வாய்ப்பு உண்டு. வலக்கைக்குப் போகும் தமனி பிறவியிலேயே இடம் மாறி இருப்பவர்களுக்குத்தான் இப்படி அமையும். வேறு காரணத்துக்காக நெஞ்சில் சி.டி. எடுத்திருந்தால், அந்தப் படத்தையும் சர்ஜனிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனி இரண்டாவது நரம்பு. தைராய்டின் மேல்முனைக்குப் பக்கத்தில் வரும் மேல் குரல்வளை நரம்பின் வெளிக்கிளை. இது முதல் நரம்பைவிட மெல்லிசு, தேடினாலும் சிலருக்குக் கண்ணில் படாது. இது போய்ச் சேர்வது குரல்வளையின் முன்பக்கத்தில் உள்ள ஒரே ஒரு தசைக்கு. அந்தத் தசை சுருங்கினால் குரல்நாண் நீண்டு விறைக்கும், சுருதி ஏறும். வில்லின் நாணைத் தளர விட்டால் அடிக்கும்போது ஓசை எப்படி மங்குமோ, அப்படித்தான் இந்தத் தசை வேலை செய்யாவிட்டால் குரலும். சாதாரணமாகப் பேசுகிறவருக்கு இது போனால் பெரிதாகத் தெரியாது. “சாயங்காலமானா தொண்டை களைச்சிருது டாக்டர்” என்பார், அவ்வளவுதான். ஆனால் ஐந்தரைக் கட்டையில் விடிய விடியப் பாடி, சாமி வரத்துப் பாடும்போது அதற்கும் மேலே ஏறுகிறவருக்கு இந்த நரம்புதான் பிழைப்பு. பேச்சு நன்றாக இருக்கும், குரல்நாணும் இரண்டு பக்கமும் அசையும், ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று எழுதியிருக்கும். மேலே போகும்போது மட்டும் குரல் பிசிறும்.

இத்தாலியப் பாடகி அமெலிடா கல்லி-குர்சிக்கு 1935-இல் சிகாகோவில் தைராய்டு கட்டி எடுத்தார்கள். அதற்கப்புறம் அவருடைய குரல் இறங்கிப்போனதற்கு இந்த நரம்பு அடிபட்டதுதான் காரணம் என்று மருத்துவப் புத்தகங்கள் ரொம்ப காலம் சொல்லி வந்தன. அவர் குரல் அதற்கு முன்பே தளரத் தொடங்கிவிட்டது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் மறுத்தும் எழுதியிருக்கிறார்கள். எது உண்மையோ, அந்தக் கதையால் சர்ஜன்களுக்கு இந்த நரம்பின்மேல் கவனம் வந்தது நல்லதுதான்.

இதைக் காப்பாற்றும் முறை, தைராய்டின் மேல்முனைக்கு வரும் இரத்தக்குழாய்களை மொத்தமாகக் கொத்தாகச் சேர்த்துக் கட்டாமல், ஒவ்வொரு கிளையாகப் பிரித்து, தைராய்டை ஒட்டியே கட்டுவது. சிலருக்கு நரம்பு தைராய்டின் மேல்முனைக்கு ஒரு சென்டிமீட்டருக்குள்ளேயே அந்தக் குழாய்களுக்குக் குறுக்கே போகும், கட்டி பெரிதாகித் தைராய்டு மேலே ஏறினால் இன்னும் நெருங்கிவிடும். அதனால் உங்கள் சர்ஜனிடம், “அம்மா பாடுகிறவர், மேல்முனை நரம்பையும் பார்த்துச் செய்வீர்களா சார்?” என்று கேளுங்கள். அவர் கோபப்பட்டால் அது ஒரு தகவல். “நல்லவேளை சொன்னீங்க” என்றால் அதுவும் ஒரு தகவல்.

சரி, மெஷினுக்கு வருவோம். நரம்பு கண்காணிப்புக் கருவி என்பது இப்படி வேலை செய்கிறது. மயக்கம் கொடுத்துத் தொண்டைக்குள் விடும் குழாயில், குரல்நாண் உரசும் மட்டத்தில் மின்முனைகள் பதிந்திருக்கும். சர்ஜன் ஒரு மெல்லிய கோலால் சந்தேகப்படும் இழையைத் தொட்டு ஒரு மில்லியாம்பியர் அளவில் மின்சாரம் விடுவார். அது நரம்பாக இருந்தால் குரல்நாண் துடிக்கும், திரையில் அலை எழும், கருவி டொக் டொக் என்று சத்தம் போடும். நரம்பாக இல்லாவிட்டால் சத்தம் இருக்காது. ஆனால் சத்தம் வராததை அப்படியே நம்பிவிடக் கூடாது. மயக்க மருத்துவர் தசையைத் தளர்த்தும் மருந்தைக் கூடுதலாகக் கொடுத்திருந்தால் நரம்பைத் தொட்டாலும் சத்தம் வராது. தலையைத் திருப்பும்போது குழாய் அரை அங்குலம் நகர்ந்திருந்தாலும் வராது. அதனால்தான் ஒழுங்காகச் செய்கிறவர்கள் முதலில் வேகஸைத் தொட்டுக் கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள், அப்புறம் ரெக்கரண்ட் நரம்பு, கட்டியை எடுத்தபின் மறுபடி நரம்பு, கடைசியாக மறுபடி வேகஸ். இந்த நான்கு தொடுதலும் இல்லாமல் பெட்டியை மட்டும் பக்கத்தில் வைத்திருந்தால், பில்லில் ஒரு வரி கூடும், வேறொன்றும் நடக்காது.

கருவி இருந்தால் நிரந்தரப் பாதிப்பு குறையுமா? கண்ணால் பார்த்துச் செய்வதைவிடக் கருவி தெளிவாக மேல் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் இன்னும் நிரூபணம் ஆகவில்லை. நூற்றில் ஒன்றாக நடப்பதைப் பாதியாகக் குறைத்துக் காட்ட வேண்டும் என்றால் ஆயிரக்கணக்கான நோயாளிகள் தேவை, அதுதான் சிக்கல். ஏற்கெனவே ஒருமுறை ஆபரேஷன் ஆகித் தழும்பு கட்டிய கழுத்து, நெஞ்சுக்குள் இறங்கிய பெரிய கட்டி, நரம்பை ஒட்டிய புற்று ஆகியவற்றில் கருவி கைகொடுக்கிறது என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள்.

ஆனால் என் பார்வையில் கருவியின் பெரிய உபயோகம் வேறு. இரண்டு பக்கமும் எடுக்க வேண்டிய ஒருவருக்கு முதல் பக்கம் முடிந்ததும் சத்தம் நின்றுவிட்டது என்று வையுங்கள். குழாய், மருந்து எல்லாம் சரிபார்த்த பிறகும் வரவில்லை. அப்போது நல்ல சர்ஜன் அங்கேயே நிறுத்திக் கழுத்தைத் தைத்துவிடுவார். இரண்டாவது பக்கத்தைச் சில வாரம், சில மாதம் கழித்து, முதல் நரம்பு தேறியதை நாங்கள் ஸ்கோப்பில் பார்த்துச் சொன்னபிறகு எடுப்பார். ஏனென்றால் ஒரு பக்கக் குரல்நாண் நின்றால் குரல் கம்மும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் நின்றால் இரண்டு நாண்களும் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டு மூச்சுக்கே வழி இருக்காது, தொண்டையில் துளை போட வேண்டி வரும். இதில் ஒரு வினோதம், அப்படிப்பட்டவரின் குரல் கிட்டத்தட்ட நன்றாகவே இருக்கும், மூச்சுதான் கீச்சென்று இழுக்கும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, “மெஷின் இருக்கா?” என்பதைவிட, “முதல் பக்கத்தில் சிக்னல் போனால் நிறுத்திவிடுவீர்களா?” என்பது. நிறுத்தினால் இன்னொரு முறை வர வேண்டியிருக்குமே என்று வீட்டில் உள்ளவர்கள் சண்டைக்குப் போவதும் உண்டு. அதை இப்போதே பேசி ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

இங்கேதான் உங்கள் அம்மா விஷயத்தில் எனக்கு ஒரு கேள்வி. முழுசாக எடுக்கத்தான் வேண்டுமா? பெதஸ்டா நான்காம் வகை என்றால் புற்று என்று முடிவாகவில்லை, இருக்கலாம் என்ற சந்தேகம். இப்படிப்பட்ட பலருக்குக் கட்டி உள்ள பாதியை மட்டும் எடுத்து, நோய்க்கூற்றுப் பரிசோதனையில் என்ன வருகிறது என்று பார்ப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. பாதி எடுத்தால் ஒரு பக்க நரம்புகளுக்கு மட்டும்தான் ஆபத்து, இரண்டு பக்கமும் நிற்கும் பயமே இல்லை. பலருக்கு மீதிப் பாதியே போதுமான சுரப்பைக் கொடுத்துவிடும், ஆயுள் முழுக்க மாத்திரை என்பதும் தவிரலாம். ஆனால், பிறகு புற்று என்று வந்து, அதுவும் மீதியையும் எடுக்க வேண்டிய வகையாக இருந்தால் மறுபடி கத்தி. இடப்பக்கம் உள்ள பொடிக் கட்டிகள் ஸ்கேனில் எப்படித் தெரிகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். முழுசாக எடுக்கச் சொல்ல சர்ஜனுக்கு நல்ல காரணம் இருக்கலாம். அந்தக் காரணம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் குரல்நாணை ஸ்கோப்பில் பார்த்தே ஆக வேண்டும். குரல் நன்றாக இருக்கிறதே, எதற்கு என்பார்கள். ஒரு பக்க நாண் நின்றுபோய், மறுபக்கம் மெல்ல மெல்ல நடுக்கோட்டைத் தாண்டி வந்து ஈடுகட்டி, ஆள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். “ஈ… என்று இழுங்கம்மா” என்பேன். திரையில் வலது நாண் ஓடி வரும், இடது நாண் இருந்த இடத்திலேயே இருக்கும். அவருக்கே தெரிந்திருக்காது. இது முன்னாலேயே தெரிந்தால் நல்ல பக்கத்தில் சர்ஜன் எடுத்துக்கொள்ளும் ஜாக்கிரதையே வேறு. முடிந்தால் ஸ்ட்ரோபோஸ்கோப்பி செய்யும் இடத்தில் பாருங்கள், நாண் அதிரும் விதம் வரைக்கும் தெரியும்.

அதோடு வீட்டில் செய்யக்கூடிய, காசு செலவில்லாத வேலை ஒன்று. சத்தமில்லாத அறையில் அம்மாவை வழக்கமான கட்டையில் கொடைப்பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். அப்புறம் கீழிருந்து மேலே எவ்வளவு ஏற முடியுமோ அவ்வளவு ஏறச் சொல்லி அதையும், மூச்சை இழுத்துப் பிடித்து ‘ஆ’ என்று எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்பதையும். பின்னால் குரலில் மாற்றம் என்று வந்தால் பேச்சுப் பயிற்சியாளருக்கு இது தங்கம். மயக்க மருத்துவரிடமும் பாடகி என்று தனியாகச் சொல்லுங்கள். குழாயின் அளவையும், அதைப் போடுவதில் காட்டும் பதனத்தையும் அவர்தான் தீர்மானிக்கிறார்.

முடிந்தபிறகு முதல் சில நாள் குரல் கரகரப்பது பெரும்பாலும் அந்தக் குழாய் உரசியதாலும் கழுத்துத் தசைகளின் வீக்கத்தாலும். அதைக் கண்டு ஊரைக் கூட்ட வேண்டாம். காற்றாக, உள்ளீடில்லாமல் குரல் வந்தால், தண்ணீர் குடிக்கும்போது மட்டும் புரையேறினால், இருமலில் பலமில்லை என்றால் நரம்பைச் சந்தேகப்படலாம். மூச்சை இழுக்கும்போது கீச்சொலி வந்தாலோ, கழுத்து விறுவிறுவென்று வீங்கினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வந்தால் அது கால்சியம் குறைந்ததால். அது நரம்பு விவகாரம் இல்லை என்றாலும் உடனே சொல்லுங்கள். கிசுகிசுப்பாகப் பேசச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள், அது குரலுக்குக் கூடுதல் சிரமம். சாதாரணக் குரலில், குறைவாகப் பேசினால் போதும்.

இரண்டு வாரத்தில் தெளியவில்லை என்றால் மறுபடி ஸ்கோப். நாண் அசையவில்லை என்றாலும் கதை முடிந்துவிடாது. இழுபட்ட நரம்பு பெரும்பாலும் சில வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் தேறும், ஒரு வருஷம் வரைக்கும் காத்திருந்து பார்ப்பது வழக்கம். அதற்காக அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. குரல் பயிற்சியை முதல் மாதத்திலேயே தொடங்கலாம். குரல் ரொம்பக் காற்றாக இருந்தால், நின்றுபோன நாணுக்குப் பக்கத்தில் ஊசி வழியாகத் தற்காலிக நிரப்பி போட்டு அதை நடுவுக்குத் தள்ளலாம். நரம்பு தேறும்போது நிரப்பி கரைந்துவிடும். தேறவே இல்லை என்றால் வெளியிலிருந்து சிறு பலகை வைத்து நாணை நிரந்தரமாக நகர்த்தும் ஆபரேஷன் இருக்கிறது. ஜப்பானில் இஷிகி என்பவர் 1970-களில் வகுத்த முறை. பேச்சு நன்றாகத் திரும்பும். ஆனால் உச்சஸ்தாயிப் பாட்டு அதனால் முழுசாகத் திரும்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பு அறுந்தது தெரிந்தால் அப்போதே தைத்துச் சேர்ப்பது நல்லது. நாண் பழையபடி அசையாது என்றாலும் தசை வற்றாமல் இருக்கும், குரலுக்குக் கனம் இருக்கும்.

எங்கே போவது? வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித்துறை உண்டு. பழைய தழும்பு, நெஞ்சுக்குள் இறங்கிய கட்டி என்றால் நானே அங்கே அனுப்பச் சொல்வேன். உங்கள் அம்மாவுக்கு முதல்முறை, நடுத்தர அளவுக் கட்டி. இதற்கு ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நெல்லையிலேயே, அரசு மருத்துவமனையோ தனியாரோ, தைராய்டை அடிக்கடி செய்கிறவராகப் பாருங்கள். அமெரிக்காவில் பார்த்த ஓர் ஆய்வில் வருஷத்துக்கு 25-க்கு மேல் செய்கிற சர்ஜன்களிடம் சிக்கல் குறைவாக இருந்தது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், ஆனால் மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. கருவி இல்லாத, ஆனால் வாராவாரம் தைராய்டு எடுக்கிற கையையும், கருவி வைத்துக்கொண்டு எப்போதாவது எடுக்கிற கையையும் என் முன்னால் நிறுத்தினால் நான் முதலாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். இரண்டும் சேர்ந்து கிடைத்தால் சந்தோஷம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய், ஆபரேஷனுக்கு என்ன கிடைக்கும், கருவிக்கும் அந்தத் தனிக் குழாய்க்கும் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியது எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நாள் குறிப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வைகாசிக் கொடைக்கு முன்பணம் வாங்கியாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வகைக் கட்டி சில வாரம் தள்ளிப்போவதால் பொதுவாகக் கெட்டுப்போகாது, சர்ஜனும் சரி என்றால் அந்தக் கொடையை முடித்துவிட்டே வரலாம். ஆனால் அதற்கு அடுத்ததாக ஆடிக் கொடைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். நரம்பு ஒன்றும் ஆகாவிட்டாலும், கழுத்துத் தசை இளகி உச்சத்தில் பாட ஒன்றரை, இரண்டு மாதம் பிடிக்கலாம். பின்பாட்டுப் பாடுகிறவர் யாராவது முன்னால் உட்கார்ந்து, அம்மா பக்கத்தில் இருந்து எடுத்துக்கொடுக்கிற மாதிரி ஏற்பாடு செய்ய முடியுமா என்று குழுவில் இப்போதே பேசிவையுங்கள்.